சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், போசகர்கள், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகசபை ஒன்பது தடவை கூடியது. தைப்பொங்கல், வாணி விழா, சிறுவர் விளையாட்டுப் போட்டி எல்லாம் வழமைபோல நடந்தன. வாசிகசாலைக்குப் பத்திரிகை தவறாமல் வந்தது.

இனி, பூங்காவிலுள்ள சிங்கவாய்ப் பைப், அதாவது சிங்கத்தின் வாயால் தண்ணீர் வரும்படி கட்டிய தூண். பழைய தண்ணீர்த் தூணைத் திருத்த ஏன் இவ்வளவு காசு என்று சந்தியில் கதை அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2010 இல் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது, கூரையில்லாத வீடுகளுக்கும் பற்றைகளுக்கும் நடுவில் அது நின்றது. சிங்கத்தின் ஒரு காது இல்லை. குவளை தொங்கிய சங்கிலியில் மூன்று வளையங்கள்தான் மிச்சம். இப்படிச் சங்கிலிக் குவளையோடு தூண் கட்டுவது லண்டனில் 1859 இலிருந்து பரவிய வழக்கம். கொலராவைப் பரப்பியது தெருப் பம்பின் தண்ணீர்தான் என்று வைத்தியர் ஜோன் ஸ்னோ 1854 இல் காட்டியபின், நல்ல தண்ணீரை இலவசமாகக் கொடுக்கவென்றே அங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். எங்கள் பெரியவர்களும் வழிநெடுக கேணி வெட்டி, சுமைதாங்கியும், மாடுகள் உடம்பு உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கல்லும் நாட்டியவர்கள்தானே.

முன்பு யாரோ நல்லெண்ணத்தில் தூணுக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சீமெந்து அதை அடைத்துவிடும். பூச்சைக் கழற்றியபோது செங்கல் விரலோடு மாவாக வந்தது. அதனால்தான் சுண்ணாம்புக்கு நான் பிடிவாதமாக நின்றேன். ஊறவைத்த சுண்ணாம்பைச் சலித்த மணலோடு குழைத்து, மேசன் ஐயா மெல்லியதாக மூன்று தரம் பூசினார். வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு சுற்றி, இரண்டு கிழமை காலையும் மாலையும் நனைத்தேன்.

சிரமதானத்துக்கு முதல் நாள் ஏழு பேர், அடுத்த நாள் நான்கு பேர். வயல் வேலையின் அவசரம் எனக்கும் தெரியும். வரமுடியாது என்று ஒரு சொல் அனுப்பியிருந்தால் முப்பது பேருக்குச் சமைத்த சோறு வீணாகியிராது. சந்தாவும் அப்படித்தான். அரைவாசிப் பேர் கட்டவில்லை. சிலர் மூன்று வருடமாகக் கட்டவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூட. விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். தலைவருக்கும், மணல் தந்தவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உதவிய உறவுகளுக்கும் நன்றி.

தூண் தயார், தண்ணீர் இன்னும் வரவில்லை. பூங்காக் கிணற்றிலிருந்து குழாய் இழுக்க வேண்டும். வன்னியில் பல இடங்களில் தண்ணீரில் கல்லுத்தன்மையும் புளோரைட்டும் கூட என்பதால், பரிசோதிக்காமல் பிள்ளைகளுக்குத் திறந்துவிட நான் சம்மதிக்கமாட்டேன். இரண்டுக்கும் காசு வேண்டும். அடுத்த ஆண்டு இளையவர் ஒருவர் செயலாளராக வந்தால் அவருக்குப் பக்கத்தில் நின்று உதவுவேன். தண்ணீர் வரும்வரை இந்த வேலையிலிருந்து விலகமாட்டேன்.

சந்தாப் புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்