புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: என் மகளின் உள்ளாட்சி வாக்கு எங்கே?

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் பாகூர் கொம்யூனைச் (பிரெஞ்சுக் காலப் பெயர், பல ஊர்கள் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதி) சேர்ந்தவள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். எந்தக் கட்சியிலும் இல்லை. என் அப்பா 1968இல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தார். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அந்தத் தேர்தலில் நான் வாக்களித்தேன். அன்று வென்றவர்களின் பதவிக்காலம் 2011 ஜூலையில் முடிந்தது. அதன் பிறகு உள்ளாட்சிக்கென்று எங்கள் ஊரில் ஒரு வாக்குச்சாவடிகூடத் திறக்கவில்லை. என் மகளுக்கு முப்பது வயதாகிறது. மக்களவைக்கு வாக்களித்திருக்கிறாள், உங்களுக்கும் வாக்களித்திருக்கிறாள். தன் தெருவுக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யும் வாக்கு மட்டும் அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2024 டிசம்பரை என்னால் மறக்க முடியவில்லை. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கும் மேலாக மழை கொட்டியது. அந்த மழையைத் தாங்கிக்கொண்டோம். அடுத்து ஆறு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆறு இரண்டு நாளில் வடிந்துவிட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னால் நின்ற தண்ணீர் ஆறு நாள் வடியவில்லை.

அதற்குக் காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெருவின் தெற்கே இருந்த நஞ்சை சில ஆண்டுகளுக்கு முன் மனையாக மாறியது. கடப்பாரை போட்டால் வண்டல் வரும் அருமையான நிலம். அதன் ஓரமாக ஓடிய வடிகால் வாய்க்கால், சாலை போட்டபோது இரண்டு சிமெண்ட் குழாய்களுக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவு நீர் அவற்றில் போகாது என்று அப்போதே எழுதிக் கொடுத்தேன். போன இடங்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஓரிடத்தில் மனைப்பிரிவு தங்கள் வேலை, வாய்க்கால் தங்கள் வேலை அல்ல என்றார்கள். அடுத்த இடத்தில் வாய்க்கால் தங்களுடையது, சாலை தங்களுடையது அல்ல என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வெள்ளத்து இரவில் நாங்கள் போய்த் தட்டியது யார் வீட்டுக் கதவை தெரியுமா? 2006இல் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அக்காவின் வீட்டுக் கதவை. பதவி போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும் அவரை ஊர் 'மெம்பரம்மா' என்றுதான் கூப்பிடுகிறது. எந்த மடையைத் திறக்க வேண்டும், எந்தக் கரையை வெட்டிவிட்டால் யார் வயல் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு மண்வெட்டி ஆளைக்கூட அனுப்பச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு எங்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார், அவ்வளவுதான்.

உறுப்பினர்களே, இந்த நிலைமை வரக்கூடாது என்றுதான் நாடாளுமன்றம் 1992இல் அரசமைப்புச் சட்டத்தை இரண்டு முறை திருத்தியது. 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். இதில் விருப்பத்துக்கு இடமில்லை. ஒன்றியப் பிரதேசங்களுக்கும் இது பொருந்தும். திருத்தத்தோடு சேர்ந்த 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பணிகள் இருக்கின்றன. மூன்றாவது சிறு பாசனமும் நீர் மேலாண்மையும். பதின்மூன்றாவதில் சாலை, சிறுபாலம், நீர்வழி எல்லாம் ஒரே வரியில் வருகின்றன. எங்கள் வாய்க்காலை மூன்று மேசைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்களே, சட்டம் எழுதியவர்கள் அதை ஒரே கையில்தான் வைக்க நினைத்திருக்கிறார்கள். நகரங்களுக்கான 12ஆவது அட்டவணையில் முதல் பணியே நகரத் திட்டமிடல், இரண்டாவது நிலப் பயன்பாட்டை முறைப்படுத்துவது.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று அமைய வேண்டும். கிராமத் திட்டங்களையும் நகரத் திட்டங்களையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வரைவுத் திட்டம் செய்வது அதன் வேலை. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள், உள்ளாட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் அந்த நான்கு பங்குக்கு யாரைப் பிடிப்பது? நம்மிடம் நகர அமைப்புச் சட்டம் 1969இலிருந்தே இருக்கிறது, நகர அமைப்புக் குழுமம் இருக்கிறது, வரைபடங்கள் இருக்கின்றன. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குப் புதுச்சேரி 2017இல் தேர்வானது. அதற்கென்று ஒரு நிறுவனமே தொடங்கினார்கள். அந்த ஆண்டுகள் முழுவதும் நகராட்சி மன்றம் என்று ஒன்று கூடவே இல்லை. அந்த வேலைகளில் நல்லவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் என்று கேட்க அங்கே யாருக்கு உரிமை இருந்தது?

தேர்தல் ஏன் நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 2021இல் தேதி வரை அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டிலும் பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் இடங்களிலும் வழக்கு வந்து நின்றுவிட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை, அது நியாயம். ஆனால் 2022 மே 10இல் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படித்தேன். ஒதுக்கீட்டுக்கான கணக்கெடுப்பு முடியவில்லை என்பதற்காக உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது. கணக்கெடுப்பை விரைந்து முடிப்பது அரசின் கையில் இருக்கிறது. அது இழுபட இழுபட, இடம் கேட்ட அதே மக்கள்தான் முதலில் இழக்கிறார்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் எத்தனை மெம்பரம்மாக்கள் வந்திருப்பார்கள்!

இனி சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். நம் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். அதனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தெருவில் பார்த்துப் பேச முடிகிறது. சாக்கடை அடைத்தால் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் உங்களிடம்தான். நீங்களும் பலர் உடனே ஆள் அனுப்புகிறீர்கள். இந்த நெருக்கத்தில் உள்ளாட்சி இல்லாத குறை வெளியே தெரியாமலேயே போய்விட்டது. ஆனால் உங்கள் வாசலில் கிடைக்கும்போது அது உதவி. எனக்கு அது உரிமையாக வேண்டும். உங்களுக்கு வாக்களிக்காத தெருவும் கூச்சமில்லாமல் கேட்கும்படி வேண்டும். சட்டம் இயற்ற அனுப்பிய உங்களைச் சாக்கடை பார்க்க வைத்திருப்பதும் முறையல்ல.

என் தங்கை வாக்கப்பட்டது கடலூர் மஞ்சக்குப்பத்தில். எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டினால் சிறிது நேரத்தில் அவள் வீடு. கடலூர் 2021இல் மாநகராட்சியானது, 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. அதே வெள்ளம் அவர்களையும் அடித்தது. அவள் தன் கவுன்சிலரைப் போனில் பிடித்துச் சத்தம் போட்டாள். வேலை நடந்ததா என்றால், பாதி நடந்தது. ஆனால் சத்தம் போட ஒருவர் இருந்தார், அடுத்த தேர்தலில் அவரைக் கேட்கவும் முடியும். தமிழ்நாட்டைத் தூக்கிப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. அங்கேயும் நகரத் தேர்தலை ஆண்டுக்கணக்கில் தள்ளினார்கள். கடலூர் மாவட்டத்தின் ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். நோய் அங்கேயும் இருக்கிறது, நமக்கு முற்றிவிட்டது.

தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது. பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், விழுப்புரம் மாவட்டத்துச் சொர்ணாவூர் அணைக்கட்டில் தொடங்குகிறது. தலை ஓர் அரசிடம், வயிறு இன்னோர் அரசிடம். இதற்கு இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். அந்தப் பக்கம் யாரை அனுப்புவார்களோ, இந்தப் பக்கம் அனுப்ப எங்களிடம் ஆளே இல்லை.

நகரத்து மில் நிலங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. நெசவாலை, 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு நிமிரவே இல்லை. 2020இல் மூடியே விட்டார்கள். அந்த நிலத்தில் நாளை எது எழும்பினாலும், ஷிப்டு சங்கு கேட்டு எழுந்த தெருக்கள் முதலில் பேச வேண்டும். எந்த மன்றத்தில் பேசுவது?

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பேர் யார் என்பதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்தேன். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் முனிசிபல் கவுன்சிலர்களும். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள். நாம் இந்தியரானதே கவுன்சிலர்கள் போட்ட வாக்கால்தான். கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தை (பிரெஞ்சில் மேயர் அலுவலகம், அதாவது நகர மன்றம் என்று பொருள்), பழைய அச்சு மாறாமல் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்த மேயரும் இல்லை, மன்றமும் இல்லை.

தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம்தான். ஆனால் ஒதுக்கீட்டுக் கணக்கையும் சட்டத் திருத்தத்தையும் முடித்துக் கொடுக்க வேண்டியது உங்கள் அவை. வரும் கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது எழுந்து தேதி கேளுங்கள். சொன்ன தேதி அவைக்குறிப்பில் ஏறட்டும். மன்றங்கள் வந்தவுடன் மாவட்டத் திட்டக் குழுவை அமையுங்கள். அதுவரை எந்த விளைநிலத்தையும் மனையாக மாற்றும் திட்டம் இருந்தால், அதைத் தமிழில் எழுதி, வாய்க்கால்களைக் கோடு போட்டுக் காட்டி, அந்த ஊர் மக்களைக் கூட்டிப் படித்துக் காட்டுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எங்கள் தெருவின் அந்த இரண்டு குழாய்களையும் எடுத்துவிட்டு ஒரு சிறுபாலம் கட்டச் சொல்லுங்கள். அளவு வேண்டுமென்றால் மெம்பரம்மாவைக் கேட்டு நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாகூர் கொம்யூனிலிருந்து
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை