முந்திரிப்பருப்புப் பொதிக்குள் வைத்த கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

பத்து நாளாக உன் சத்தமே இல்லை. நான் அனுப்புவதைப் பார்க்கிறாய், நீலக் கோடு விழுகிறது. வேலை கூடவாக்கும். மாமாவின் மகன் ஸ்காபரோவுக்கு வருகிறான், முந்திரிப்பருப்போடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பருப்பை டின்னில் போட்டு வை.

நான் அனுப்பிய அந்தக் கத்திக்குத்து வீடியோ உன் இடம் இல்லையாம், அப்பா பிறகுதான் சொன்னார். எந்த நாடென்று அவருக்கும் தெரியவில்லை. அதற்காகக் கோபிப்பதா? இரவு வேலை முடிந்து தனியாக வருகிற பிள்ளை, காதில் வயரை மாட்டிக்கொண்டு நடக்காதே. இரவு 9 மணிக்குப் பிறகு தரிப்பிடம் இல்லாத இடத்திலும் பஸ்ஸை நிறுத்தி இறங்கலாம் என்று நீதானே சொன்னாய்? வெட்கப்படாமல் கேள். என் மகள் கனடாவில் தாதி என்று கோயிலில் நான் சொல்லாத ஆள் இல்லை. காதில் மட்டும் மாட்டாதே.

நாய் குரைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1990-இல் நாய் குரைத்தால் ஆமி வருகிறதென்று சின்ன மாமாவை எழுப்பிப் பின்வேலியால் அனுப்புவோம். இப்போது அது பூனைக்குத்தான் குரைக்கிறது. என் வயிற்றுக்கு அது விளங்கவில்லை.

2011 ஆகஸ்ட் உனக்கு நினைவிருக்கும், கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்க வருகிறான் என்று ஊரெல்லாம் நடுங்கிய காலம். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். அந்த மாதக் கடைசியில் அவசரகாலச் சட்டத்தையே எடுத்தார்கள், நாங்களோ ஆறு மணிக்கே கதவடைத்தோம். பூதம் ஆமி முகாமுக்குள் ஓடியதென்று ஊரெல்லாம் கதை, பிறகு யார் பொலிஸுக்குப் போவது? எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து ஊரில் கண்டார்களாம்.

ஓர் இரவு ஒருவரைக் கம்பத்தில் கட்டி அடித்தார்களே. "யாரோ கள்ளன், நீ படு" என்றேன். கள்ளன் இல்லை மகள். பள்ளிக்கூட வாசலில் உனக்கு ஒரு சுருள் கடலை கூடுதலாகத் தருவாரே, அந்தக் கச்சான்காரர். சைக்கிள் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாய் குரைத்தது, வேலிக்கு அப்பால் ஒரு நிழல். முதலில் கத்தியது நான்தான். அப்புறம் இளந்தாரிகள் பொல்லோடு ஓடிவந்தார்கள். விடிந்து பார்த்தால் மணலெல்லாம் கச்சான். யாரும் எழும்புமுன் கூட்டி அள்ளினேன். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

சரி, இனி வீடியோ அனுப்பவில்லை. நீ இரவு 12 மணிக்கு வீட்டுக்குள் போகும்போது இங்கே காலை ஒன்பதரை. 'வந்துவிட்டேன்' என்று ஒரு சொல் போடு, போதும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

அம்மா