நப்பின்னை: பேத்திக்கு ஒரு பெயர்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்தது. இங்கிலாந்து லெஸ்டரில் குளிர் உன் முட்டியைப் படுத்துவதைப் பற்றி ஒரு பக்கம், பேத்திக்கு வைக்க நினைக்கும் பெயரைப் பற்றி மூன்று பக்கம். முட்டிக்கு நான் வைத்தியம் சொல்லப் போவதில்லை. பெயருக்கு வருகிறேன்.

நப்பின்னை, கண்ணன் மணந்த ஆயர் பெண். நல்ல தேர்வு. 'இப்படி ஒரு பெயரா' என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்களாமே, கேட்கத்தான் செய்வார்கள். அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது, ஏன் யாரும் வைப்பதில்லை என்று நீ கேட்ட மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன். நீ கேட்காத நான்காவது ஒன்று உண்டு. அதுதான் உங்கள் ஊரில் முக்கியம்.

முதலில் பெயரை இரண்டாக உடைத்துப் பார். ந + பின்னை. முன்னால் நிற்கும் 'ந' தனிப் பொருள் கொண்ட சொல் இல்லை. சிறப்பைக் காட்ட ஒட்டும் இடைச்சொல். கீரன் நக்கீரன் ஆனான், பூதன் நப்பூதன் ஆனான், செள்ளை நச்செள்ளை ஆனாள், கண்ணை நக்கண்ணை ஆனாள். எல்லாவற்றிலும் ஒரே கணக்கு: 'ந' சேர்ந்ததும் அடுத்து வரும் வல்லினம் இரட்டிக்கும். ஆகவே இரண்டு 'ப்ப' அழகுக்கு வந்ததில்லை, புணர்ச்சியால் வந்தது. ஒரு 'ப'வை விட்டால் பெயரே குலைந்துபோகும். இதை மனதில் வை, கீழே தேவைப்படும்.

மீதி 'பின்னை'. இதற்கு அகராதியில் பல வாசல். பின் பிறந்தவள், இளையவள் என்பது ஒன்று. திருமகள் என்பது ஒன்று. புன்னை மரத்துக்கும் பின்னை என்று பெயர் உண்டு. பின்னை எண்ணெய் என்று கடையில் கேட்டிருப்பாய். 'பின்னுதல்' என்ற வினையிலிருந்து, பின்னிய கூந்தலை உடையவள் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு 'இளையவள்' என்பதே நேராகப் படுகிறது. ஆனால் கூந்தல்காரர்களை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. திருவள்ளுவமாலையில் 'உபகேசி தோள்மணந்தான்' என்று கண்ணனைச் சொல்லும் ஒரு வெண்பா இருக்கிறது. அந்த உபகேசி நப்பின்னைதான் என்பார்கள். பெயரிலேயே கேசம். ஆண்டாளும் திருப்பாவையில் இவளை எழுப்பும்போது முதல் பாட்டில் 'கந்தம் கமழும் குழலீ' என்கிறாள், அடுத்த பாட்டில் 'கொத்தலர் பூங்குழல் நப்பின்னை' என்கிறாள். இரண்டு முறையும் கண் போய் நிற்பது கூந்தலில். சம்பந்தி வீட்டாரிடம் இரண்டு பொருளையும் சொல், பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கிருந்து வந்தாள் என்பதுதான் சுவையான பகுதி. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவைக்குப் போ, ஆயர் பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடும் பகுதி. மதுரை ஆயர்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, கெட்ட சகுனங்கள். ஆயர் குல மூதாட்டி மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இன்றைய கணக்கில் ஸ, ரி, க, ம, ப, த, நி. குரல் நின்றவளை மாயவன் என்கிறாள், இளி நின்றவளைப் பலராமன் என்கிறாள், துத்தம் நின்றவளை 'ஆய்மகள் பின்னையாம்' என்கிறாள். அதாவது கண்ணன் ஸட்ஜம், அண்ணன் பஞ்சமம், இவள் ரிஷபம். கண்ணனை ஒட்டிய அடுத்த சுரம். பாட்டுக் கச்சேரிக்கு உயிரை விடும் உன் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்க்காரணம் கிடைக்காது. அதே பகுதியில் 'பிஞ்ஞை' என்ற வடிவமும் வருகிறது. மணிமேகலையிலும் 'தம்முனும் பிஞ்ஞையும்' என்று அந்தக் குரவை நினைவுகூரப்படுகிறது.

சீவக சிந்தாமணியில் ஓர் இடம். ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்கு மணம் செய்து தர முன்வந்து, குலம் பார்க்காதே என்கிறான். முருகன் வள்ளியைக் கொள்ளவில்லையா, நிலமகள் கேள்வனான திருமால் 'நீள்நிரை நப்பின்னை'யைக் கொள்ளவில்லையா என்று கேட்கிறான். வள்ளிக்கு இணையாக வைத்துப் பேசும் அளவுக்கு அன்று எல்லோருக்கும் தெரிந்த பெண் இவள். பாடியவர் சமணர் என்பதையும் சேர்த்துக்கொள்.

வைணவத்தில் கதை இப்படிப் போகிறது. யசோதையின் உடன்பிறந்தவர் கும்பர். அவர் மகள் நப்பின்னை. ஆகவே கண்ணனுக்கு மாமன் மகள். ஏழு காளைகளை அடக்கியவனுக்கே பெண் என்று நிபந்தனை. கண்ணன் ஏழையும் அடக்கினான். பாகவதத்தில் கோசல அரசன் நக்னஜித்தின் மகள் சத்யாவுக்கும் இதே ஏழு காளை நிபந்தனை வரும். ஆழ்வார்கள் பாடியது ஆயர் வீட்டுப் பெண்ணை. அவதாரக் கணக்கில் இவளைத் திருமாலின் தேவியருள் ஒருத்தியான நீளாதேவி என்பார்கள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் செய்த தனியன், அதாவது நூலுக்கு முன் சொல்லும் வாழ்த்து, 'நீளா' என்றே தொடங்குகிறது, நீயே தினம் சொல்வதுதானே.

பிரசவத் தேதி ஜனவரி முதல் வாரம் என்று எழுதியிருந்தாய். கவனித்தாயா? நப்பின்னையை எழுப்பும் பாசுரங்கள் 18, 19, 20. மார்கழி 18 பெரும்பாலும் ஜனவரி 2இல் வரும். குழந்தை சரியாக அந்த மூன்று நாளில் வந்தால் உன் கட்சிக்கு வேறு வாதமே வேண்டாம்.

பதினெட்டாம் பாட்டை ஒரு தரம் நிதானமாகப் பார். 'நந்தகோபாலன் மருமகளே' என்று மாமனார் வழியில் கூப்பிடுகிறாள், பிறகு 'நப்பின்னாய்' என்று பெயர் சொல்கிறாள். ஐகாரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது 'ஆய்' ஆகும்; நங்கை, நங்காய் போல. 'பந்தார் விரலி' என்கிறாள்: விளையாடிய பந்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். 'உன் மைத்துனன் பேர்பாட' என்கிறாள்: மாமன் மகள் உறவு அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. கடைசியில் வளை ஒலிக்க வந்து கதவைத் திற என்கிறாள். அடுத்த பாட்டில், கணவனை எத்தனை போதும் எழவிடமாட்டாயா, இது தகவு அன்று என்று அதட்டலும் விழுகிறது. இத்தனை உயிரோடு ஒரு பெண் நடமாடும் பெயர் இது. பெயர்ப் பட்டியல் புத்தகங்களில் 'கண்ணனின் மனைவி' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

அப்படியானால் ஏன் அரிதாகிப் போனது? என் கணிப்பைச் சொல்கிறேன். ராதை கண்ணன் காதலைப் பாடும் ஜயதேவரின் அஷ்டபதி தெற்கே வேரூன்றி, தஞ்சாவூர்ப் பக்கம் பஜனை சம்பிரதாயம் வளர்ந்து, வீட்டுக்கு வீடு ராதா கல்யாணம் நடக்க ஆரம்பித்த பிறகு, கண்ணனுக்குப் பக்கத்து இடம் ராதையுடையது ஆகிவிட்டது. வைணவ வீடுகளில் கோதை, ஆண்டாள், ரங்கநாயகி என்று போய்விட்டார்கள். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின் தமிழ்ப் பெயர் தேடியவர்களுக்கோ இதில் கோயில் வாசனை சற்றுத் தூக்கல். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று இருவருக்கும் விடுபட்ட பெயர். முற்றாக அழியவும் இல்லை. சைபர் சட்டத்தில் பெயர் பெற்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் என்.எஸ். நப்பின்னையை உனக்குத் தெரிந்திருக்கும். எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. உங்கள் இங்கிலாந்தில் வருடத்துக்கு மூன்று குழந்தைகளுக்காவது வைத்த பெயர் என்றால் புள்ளிவிவர அலுவலகப் பட்டியலில் வரும். மூன்றுக்குக் கீழே என்றால் காட்டமாட்டார்கள். உன் பேத்தி பட்டியலுக்குள் வர இன்னும் இரண்டு தாத்தாக்களைப் பிடிக்க வேண்டும்.

இனி அந்த நான்காவது விஷயம். உங்கள் ஊரில் 'நாப்பி' என்றால் என்ன? குழந்தைக்குக் கட்டும் துணி. பெயரைப் பதிவேட்டில் ஆங்கில எழுத்தில் எழுதினால் முதல் நான்கு எழுத்து என், ஏ, பி, பி. வெள்ளைக்கார டீச்சர் வாயில் 'நாப்பி-நை' என்றுதான் வரும், பிள்ளைகள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். அமெரிக்காவில் அந்த ஒலி கறுப்பினத்தவரின் முடியை இழிவாகச் சொல்லும் வசவு. அது இன்னும் மோசம். இங்கே பிறந்தால் அதிகம் போனால் 'நப்பாசை' என்று யாராவது கிண்டல் செய்வார்கள். அங்கே பிறப்பதால் பள்ளிக்கூடம் முடியும்வரை இது பின்னாலேயே வரும். ஒரு 'பி'யைக் குறைத்தால் தப்பிக்கலாமே என்பாய். குறைத்தால் 'நேபினை' என்று படிப்பார்கள், தமிழும் போய்விடும்.

என் யோசனை இதுதான்: பதிவில் 'பின்னை' என்று மட்டும் கொடு. மேலே சொன்னேனே, 'ந' என்பது சிறப்புக்காக ஒட்டுவது என்று. அதை எடுத்துவிட்டால் பெயருக்கு ஒன்றும் குறையாது. சிலப்பதிகாரத்தில் துத்தம் நின்றவள் வெறும் பின்னைதான். அந்தச் சிறப்பை வீட்டில் நீ ஒட்டிக்கொள். தாத்தா கூப்பிடும்போது நப்பின்னை, ஊர் கூப்பிடும்போது பின்னை. 'பின்னி' என்று அங்கே சமையலறை ஏப்ரனைச் சொல்வார்கள், தெரியும். அது யாரையும் புண்படுத்தாது.

எழுத்து: பி, ஐ, இரண்டு என், ஏ, ஐ. ஆறு எழுத்து. ஒற்றை 'என்' போட்டால் 'பினை' ஆகிவிடும், 'பைனை' என்றுகூடப் படிப்பார்கள். கடைசியில் 'ஏ, ஐ' இரண்டும் வேண்டும். வெறும் 'ஏ' போட்டால் 'பின்னா' ஆவாள். முழுப் பெயர்தான் வேண்டும் என்று உன் பெண் பிடிவாதம் பிடித்தால் 'பி' இரண்டு, 'என்' நடுவில் இரண்டு, மொத்தம் ஒன்பது எழுத்து. எந்தக் காரணத்துக்காகவும் நடுவில் இடைவெளி விடாதே. விட்டால் 'நப்' முதல் பெயர், 'பின்னை' நடுப்பெயர் என்று கம்ப்யூட்டர் பிரித்துக்கொள்ளும், பிறகு சாகும்வரை 'நப்' என்றே கடிதம் வரும். தமிழில் எழுதும்போது றன்னகரம்தான். 'நப்பிண்ணை' என்று டைப் செய்து அனுப்பும் உறவினர்களை உடனே திருத்து.

இங்கிலாந்தில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். முடிவு வரவில்லை என்றால் பதற வேண்டாம். பதிந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் முதல் பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ ஒரு தடவை வழி இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டுக்கு முந்தி செய்துவிட வேண்டும். வெளிநாட்டு இந்தியர் அட்டைக்குப் போடும்போது பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தோடு அப்படியே பொருந்த வேண்டும். ஒரு 'என்' கூடிக் குறைந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். இனிஷியல் அங்கே செல்லாது, மாப்பிள்ளையின் பெயரைக் குடும்பப் பெயராக முழுதாக எழுதச் சொல்.

மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணம் என்பதால் ஒரு எச்சரிக்கை. அவர்கள் பேச்சில் 'பின்னை' என்ற சொல், 'அப்புறம்' என்ற பொருளில், நாளைக்கு நூறு தரம் வரும். 'பின்னை என்ன', 'பின்னை வாங்கோ' என்று. குழந்தை ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கும். சம்பந்தியம்மாள் இதைத்தான் ஆட்சேபணையாகச் சொல்லியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒரு வருடத்தில் குழந்தையே பழகிக்கொள்ளும் என்பதைத் தவிர.

எந்த எழுத்து என்று முடிவானதும் ஒரு தாளில் பெரிதாக எழுதிப் படம் எடுத்து அனுப்பு, பதிவுக்குப் போகும் முன் நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
சேஷு