நடுவில் இருக்கும் இருபது வருடத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், பயோ நானோ டெக்னாலஜியில் (மிக நுண்ணிய துகள்களை உயிரியலுக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்தும் துறை) ஆராய்ச்சி செய்யும் நம் தமிழ்ப் பேராசிரியரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் படித்து முடித்ததும் கோபமும் வந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதல் பாதி முழுக்க தெருவிளக்கு, பிளஸ் டூ மார்க், அம்மா அடகு வைத்த நகை. அடுத்த பாதி விருது, சால்வை, அமைச்சரோடு போட்டோ. நடுவில் "கடின உழைப்பால் உயர்ந்தார்" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் மனிதனுக்கு ஏறக்குறைய இருபது வருடம் போயிருக்கிறது சார்.

நான் விஞ்ஞானி கிடையாது. இங்கே பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். பேராசிரியர்கள் எல்லோரும் எங்கள் டேபிளுக்கு இண்டென்ட் (பொருள் வாங்கித் தரச் சொல்லும் படிவம்) எடுத்துக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும், அதனால் அவர்கள் வாழ்க்கையைப் ஃபைல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்கக் குளோரைடு ஒரு கிராம் கேட்டிருந்தார். ஆடிட்டில் பிடித்துக்கொண்டார்கள், லேபுக்குத் தங்கம் எதற்கு என்று. விளக்கம் எழுத வேண்டியவன் நான், எனக்கே தெரியாது. அவர் என்னை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்தே காட்டினார். வெளிர் மஞ்சளாக இருந்த கரைசலைக் கொதிக்க விட்டு அதில் சிட்ரேட்டை ஊற்றினார். மஞ்சள் போய்விட்டது, அப்புறம் கருநீலம் மாதிரி ஒரு நிறம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல சிவப்பு. இதுவும் தங்கம்தான், ஒவ்வொரு துகளும் பத்து இருபது நானோமீட்டர் இருக்கும், நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர் என்றார். அந்தத் துகளின் மேல் ஒரு ஆன்டிபாடியை, அதாவது நோய் எதிர்ப்புப் புரதத்தை, ஒட்டி விட்டால், அது தனக்கு வேண்டிய புரதத்தை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் விழுகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கம்தானாம். உங்கள் வாசகிகளில் பாதிப் பேர் கையில் பிடித்துப் பார்த்த விஷயம், ஒரு பத்தியில் எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதியது "ரத்தத்தில் நீந்தும் கண்ணுக்குத் தெரியாத ரோபோ".

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். பிஎச்டிக்கு ஐந்தாறு வருடம். பிஎச்டி மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரியில்தான் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது, அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், மூன்று நான்கு மாதம் வராமல் மத்திகெரேயில் வீட்டு ஓனரிடம் தவணை சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஊரில் கல்யாணத்துக்குப் போனால் "இன்னும் படிச்சு முடிக்கலையா" என்பார்கள். அது முடிந்தால் வெளிநாட்டில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை, ஒரு வருடம் இரண்டு வருடம் என்று கான்ட்ராக்ட். பெண்களுக்குக் கல்யாணம், பிரசவம் எல்லாம் சரியாக இந்த வருடங்களில்தான் வந்து நிற்கும், எத்தனை பேர் இங்கேயே நின்றுபோனார்கள் என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை. திரும்பி வர ராமானுஜன் ஃபெல்லோஷிப், இன்ஸ்பயர் ஃபேக்கல்டி என்று திட்டங்கள் உண்டு, நல்ல திட்டங்கள்தான், ஆனால் ஐந்து வருடம்தான், அதற்குள் நிரந்தர வேலை தேடிக்கொள்ள வேண்டும். வேலை கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும், கையில் கொடுப்பது காலி அறையின் சாவி.

அந்த அறையை நிரப்புவதுதான் எங்கள் செக்‌ஷன் கதை. 2022 ஜூலை வரை அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். திடீரென்று அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள், பெரும்பாலானவற்றுக்கு 18 ஆகிவிட்டது. பழைய கணக்கில் பணம் வாங்கி வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? கருவியின் கூட வர வேண்டிய உதிரிகளை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். 2024 பட்ஜெட்டில் லேப் கெமிக்கல்களுக்குச் சுங்க வரியை 10-லிருந்து 150 சதவீதம் ஆக்கி, எல்லோரும் கத்திய பிறகு, சொந்த உபயோகத்துக்கு என்றால் பழையபடி 10 என்று சில நாளிலேயே இறங்கி வந்தார்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது வேறு நாட்டில் ஒருவன் அதே பரிசோதனையைச் செய்து பேப்பர் போட்டுவிடுவான்.

இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள் என்பீர்கள். நடிகர்கள் சான்ஸ் தேடிக் கோடம்பாக்கத்தில் அலைந்த கதையை வாராவாரம் போடுகிறீர்களே, அதைப் படிக்கிறவர்கள் இதையும் படிப்பார்கள்.

அப்புறம் அந்தத் தலைப்பு. "இரண்டே ஆண்டில் புற்றுநோய்க்கு முடிவு." பேராசிரியர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நான் வேலையில் இருந்தபோது வேறொரு பத்திரிகையில் இதே மாதிரி ஒரு செய்தி வந்தது. மறுநாள் காலையிலிருந்து ஆபீஸ் போன் ஓயவில்லை. ஓசூரிலிருந்து ஒருவர் மனைவியின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டார். அந்த லேபில் மருந்தை எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. அவரிடம் அதைச் சொல்லி அனுப்பியது பத்திரிகைக்காரர் இல்லை, செக்யூரிட்டி. ஒரு ஆராய்ச்சி மருந்தாக எத்தனை வருடம் ஆகும் என்று பாருங்கள். நுண்ணிய கொழுப்புக் குமிழிகளைப் பற்றிய ஆராய்ச்சி 1960-களில் தொடங்கியது, அந்தக் குமிழிக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்த டாக்ஸிலுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1995-ல். அதே 1995-ல்தான் எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) ஆராய்ச்சியாளர் கேட்டலின் காரிகோவை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கினார்கள். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆய்வுக் கட்டுரை 2005-ல் வந்தது, நோபல் 2023-ல். அவருடைய எம்ஆர்என்ஏவைக் கொரோனா தடுப்பூசியில் செல்லுக்குள் கொண்டு சேர்த்ததும் ஒரு கொழுப்பு நானோ துகள்தான். இரண்டு ஆண்டுக் கணக்கு உங்களுக்கு எங்கே கிடைத்தது?

அடுத்த முறை அவரிடம் போனால் எந்த வயதில் முதல் நிரந்தரச் சம்பளம் வாங்கினார், எந்தப் பரிசோதனை வருடக்கணக்கில் சொதப்பியது, அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். லேபில் இருக்கும் பிள்ளைகளிடமும் பேசுங்கள், பேராசிரியர் பக்கத்தில் இல்லாதபோது.

இன்னொன்று, படத்துக்குக் கீழே "அதிநவீன எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புடன் பேராசிரியர்" என்று போட்டிருக்கிறீர்கள். அது மைக்ரோஸ்கோப் இல்லை, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பர்ச்சேஸ் செக்‌ஷன் ஊழியர்,
மத்திகெரே, பெங்களூரு.