நாத்திகரின் அச்சம் எதைப் பற்றியது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடவுளை மறுப்போர் வெளியில் எவ்வளவு துணிவாகப் பேசினாலும் உள்ளூர நடுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள், நோயில் விழுந்தால் கோயில் வாசலைத் தேடி வந்துவிடுவார்கள் என்று நம் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவர் ஏளனமாக எழுதவில்லை. நம் மீது இரக்கப்பட்டே எழுதியிருக்கிறார் என்பது அவருடைய நடையில் தெரிந்தது. இளம் வயதிலேயே நம்பிக்கையை விட்டு, சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு, பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அவருக்கு விடை சொல்ல எனக்குக் கடமை இருப்பதாகக் கருதுகிறேன்.

அச்சமே அறியாதவள் என்று நான் சொன்னால் அது பொய்யாகும். நான் பிறந்து வளர்ந்தது காவேரிப்பட்டணம். மகா சிவராத்திரியை அடுத்து வரும் மயானக் கொள்ளை நாளில் அங்காளம்மன் புறப்படும்போது, காளி வேடமிட்டு ஆவேசத்தோடு வருவோரைப் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தவள் நான். இன்றும் எங்கேனும் பம்பை ஒலித்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. நம்பிக்கை உள்ளே மிச்சமிருப்பதற்கு இதுவே சான்று என்று பெரியவர் கூறக்கூடும். புளியமரத்தில் பேய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவரும் நள்ளிரவில் அதன் கீழே நடையை எட்டிப் போடுகிறார். பிள்ளைப் பருவத்தில் உடம்பில் ஏறியது அறிவு மாறியவுடன் இறங்கிவிடுவதில்லை. இதற்கு மேல் அந்த மயிர்க்கூச்சுக்கு நான் பொருள் காணவில்லை.

நோய் வந்தால் தெரியும் என்பதற்கு நம் நாட்டில் அப்பரின் வரலாற்றை எடுத்துக்காட்டுவது வழக்கம். சமண சமயத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியார், சூலை நோயின் வேதனை தாங்காமல் தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருவதிகையில் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று பாடி நலம் பெற்றார் என்பது பெரிய புராணம் சொல்லும் செய்தி. ஆனால் அவர் ஒரு சமயத்திலிருந்து இன்னொரு சமயத்துக்கு வந்தவர். எதையும் நம்பாதிருந்து நம்பியவர் அல்லர். படுக்கையில் விழுந்த நாத்திகர் எப்படி இருந்தார் என்று அறிய விரும்பினால் 1776ஆம் ஆண்டுக்குச் செல்லலாம். ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் சாவை எதிர்நோக்கியிருந்தபோது, அவரைப் பார்க்க வந்த எழுத்தாளர் பாஸ்வெல், இறந்தபின் இல்லாமலே போய்விடுவோம் என்ற எண்ணம் உங்களைக் கலக்கவில்லையா என்று கேட்டார். பிறப்பதற்கு முன் நாம் இல்லாதிருந்தது நம்மைக் கலக்காதது போலவே இதுவும் கலக்கவில்லை என்றார் ஹியூம். கலங்கிப்போனவர் கேள்வி கேட்ட பாஸ்வெல்தான் என்பதை அவருடைய குறிப்புகளே காட்டுகின்றன. நம் பெரியார் 94 வயதில், உடல் வேதனையோடு, 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் இறுதியாகப் பேசியபோதும் தம் கொள்கையைத் தளர்த்தவில்லை. ஐந்து நாள் கழித்து மறைந்தார்.

பெரியோர் கதைகளைச் சொல்லி நான் ஒதுங்கிவிடக் கூடாது. என் மகனுக்குச் சிறு வயதில் டெங்குக் காய்ச்சல் வந்து, இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. மருத்துவமனைக் கட்டிலருகே என் மாமியார் மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிந்து, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பேரனின் தலையணைக்கு அடியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று பின்னாளில் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். சாமி தண்டிக்கும் என்ற நினைப்பு அந்த வேளையில் எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு எப்போது வரும் என்பதே மனத்தை நிறைத்திருந்தது. அந்த முடிச்சை எடுத்தெறிந்து, அதன்பின் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், காய்ச்சலைக் குறை சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள், ஊரும் உறவும் என் மறுப்பையே குற்றம் சொல்லியிருக்கும் என்பதுதான் என் அச்சம். அதோடு, தூக்கமின்றி அமர்ந்திருந்த அந்த முதியவருக்கு அந்தக் கணத்தில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. மகன் மருத்துவத்தால் பிழைத்தான் என்று நானும், நேர்த்திக்கடனால் பிழைத்தான் என்று அவரும் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் எங்களுக்குள் பிணக்கு வந்ததில்லை.

உண்மையான இழப்பு ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. என் தாயார் இறந்தபோது, அம்மா இறைவனடி சேர்ந்துவிட்டார் என்று என் அக்காவால் சொல்லிக்கொள்ள முடிந்தது. எனக்குச் சொல்லிக்கொள்ள அப்படியொரு வாக்கியம் இல்லை. அம்மா இல்லை என்பது மட்டுமே இருந்தது. இதைப் பகத் சிங்கும் ஒளிக்கவில்லை. 1930இல் லாகூர் சிறையில் "நான் ஏன் நாத்திகன்?" என்று எழுதியபோது, நம்பிக்கை துன்பத்தை மென்மையாக்கும், கடவுளிடம் மனிதனுக்கு வலிய ஆறுதல் கிடைக்கும், அவர் இல்லையென்றால் மனிதன் தன்னையே சார்ந்து நிற்க வேண்டியிருக்கும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். கடைசி நாளில் நீ நம்பத் தொடங்குவாய் என்று சொன்ன நண்பருக்கு, அது ஒருபோதும் நடவாது என்றும் விடை தருகிறார். அடுத்த ஆண்டு மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 23. அந்தக் கட்டுரையை 1930களில் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தமிழாக்கினார், பெரியாரின் தமையனார் ஈ.வெ.கிருஷ்ணசாமி வெளியிட்டார், இருவரும் அதற்காக வழக்கைச் சந்தித்தனர். ஆறுதல் தருவதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை ஆறுதல் மிகவும் தேவைப்பட்ட இடத்திலிருந்து எழுதியவர் அவர். துக்க வீட்டில் என்னைத் தாங்கியது அந்தச் சிந்தனைதான்.

ஐயம் மறுப்பவருக்கு மட்டும் உரியதும் அன்று. அன்னை தெரசா பல்லாண்டுகள் இறைவனின் இருப்பை உணர முடியாமல் இருளில் தவித்ததை 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள் உலகுக்குத் தெரிவித்தன. அதற்காக அவரைப் போலி என்று நாம் சொல்லவில்லை. அதே பெருந்தன்மையை எங்களுக்கும் காட்டலாம். மணிமேகலைக் காப்பியத்தின் வஞ்சி நகரில், மறுபிறப்பு பொய் என்று பூதவாதி, அதாவது உலகாயதக் கொள்கையினன், தன் கருத்தைச் சொல்ல இடமிருந்தது. மணிமேகலை அவனை மடக்கியது கேள்வியால்தான், உன் உள்மனம் நடுங்குகிறது என்று சொல்லி அல்ல.

இந்தத் தலைமுறையின் அச்சத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். என்னிடம் படித்த பெண்கள் சிலர் இன்றும் வீட்டுக்கு வந்து, தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். நரகத்தைப் பற்றி எவளும் கேட்டதில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது, பெண் பார்க்க வருவோர் என்ன நினைப்பார்கள், மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி கொடுக்காவிட்டால் நாளை நம் வீட்டுச் சாவுக்கு ஊரார் வருவார்களா என்றே கேட்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை நாத்திகர் என்று பதிந்துகொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் சுமார் 33 ஆயிரம் பேர் மட்டுமே. நூற்றிருபது கோடிப் பேர் வாழும் நாட்டில், அதிலும் சுயமரியாதை இயக்கம் 1925 முதல் வேரூன்றிய ஒரு மாநிலத்தையும் உள்ளடக்கிய நாட்டில், இதுதான் உண்மையான எண்ணிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம் சடங்கில்லாத திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. நம்பிக்கை போய்விட்டது என்று தம் மகள் சொல்வதைக் கேட்டு, முகம் சுளிக்காமல் பேசும் தந்தைதான் இன்னும் அரிதாக இருக்கிறார்.

பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உறவில் கடவுளை மறுப்பவர் ஒருவர் நோயுற்றுப் படுத்திருந்தால், இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், உங்களுக்கு மனம் வந்தால் அவருக்காகத் தனியே வேண்டிக்கொள்ளுங்கள், அதை நாங்கள் அன்பாகவே எடுத்துக்கொள்வோம். இதில் உங்களுக்கு மறுப்பு இருந்தால் இதே பகுதியில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.