திரைப்படக் கல்லூரி பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கைப்பேசியிலேயே படம் எடுத்துவிடலாம் என்றான பிறகு, திரைப்படக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளைச் செலவிடத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். படத்தொகுப்பு அறையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், போய்ப் படி என்றுதான் சொல்வேன்.

நான் தொழிலை ஒரே ஒருவரிடம் நின்று கற்றேன். அவர் காட்டிய ஃப்ரேமில் வெட்டி ஒட்டினேன்; நான்கு ஃப்ரேம் தள்ளி வெட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு வாய்க்கவேயில்லை, ஏனென்றால் வெளியீட்டுத் தேதி நெருங்கும் அறையில் பிழை செய்து பழக யாரும் விடமாட்டார்கள். பத்தாண்டுகளில் அவருடைய கை எனக்கு அப்படியே வந்துவிட்டது. என் கை எது என்பது பிடிபட மேலும் பல ஆண்டுகள் ஆயின.

கல்லூரி தருவது பிழை செய்வதற்கான அந்த இடத்தைத்தான். கருவியை இயக்க நீயாகவே கற்றுக்கொள்வாய். 1919இல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் கற்பித்த லெவ் குலெஷோவிடம், மாணவர்களுக்குக் கொடுக்கப் போதிய படச்சுருள்கூட இல்லை. படமாக்க வேண்டிய காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, கேமரா இல்லாமலே அவர்கள் நடித்துப் பார்த்தார்கள். சுருளே இல்லாமல் நடந்த அந்தப் பயிற்சியில் தேறியவர்களில் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற சோவியத் இயக்குநரான புதோவ்கின்.

நீ அனுப்பிய குறும்படத்தின் படிக்கட்டுக் காட்சியை எடுத்துக்கொள். மேலே ஏறும் அண்ணன் திரும்பிப் பார்க்கிறான், தங்கை கீழே நிற்கிறாள்; இரண்டாவது ஷாட்டில், அவர்கள் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டினைக் கேமரா தாண்டி மறுபக்கம் போய்விட்டதால், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியவர்கள் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். உன் நண்பர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் பாசத்தில் அன்று வாய் திறக்கவில்லை. வகுப்பில் இருபது பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால், யாரும் சொல்லாமலே அந்த வெட்டில் அவர்கள் நெளிவது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த இருபது பேரில் ஒருவர் உனக்கு ஒளிப்பதிவாளராகவும் இன்னொருவர் ஒலிக்கலைஞராகவும் வாழ்நாள் முழுவதும் கூட வரலாம்.

சத்யஜித் ராய் எந்தத் திரைப்படக் கல்லூரியில் படித்தார் என்று நீ கேட்பாய். படிக்கவில்லை, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே, 1947இல் நண்பர்களோடு ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கி, படங்களைப் பார்ப்பதும் விவாதிப்பதுமாகத் தன் கல்லூரியைத் தானே கட்டிக்கொண்டார். அப்படியொரு கூட்டம் உனக்கு இப்போதே இருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஒன்றில் மட்டும் கறாராக இரு. பெருங்கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். தவணை கட்டுவதற்காகவே கிடைத்த வேலையையெல்லாம் செய்துகொண்டு, சொந்தப் படத்தைத் தள்ளிப்போட்டவர்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சேர்வதற்கு முன் அங்கே படித்தவர்களின் இறுதியாண்டுப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார். எல்லாம் ஒரே ஆசிரியரின் படம்போல் இருந்தால் திரும்பி வந்துவிடு. முதல் முறை இடம் கிடைக்காவிட்டால் மனம் உடையாதே; போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியை அந்நாட்டின் லோட்ஸ் திரைப்படப் பள்ளி இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாம் முறைதான் சேர்த்துக்கொண்டது.

விண்ணப்பத்தோடு அந்தக் குறும்படத்தைத்தானே அனுப்பப்போகிறாய்? படிக்கட்டுக் காட்சியை மறுபடி எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார். பிறகு எனக்கு அனுப்பு. இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா