மலையகத்துச் சட்டிகளுக்குத் தனிக் குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பகுதியை விடாமல் வாசிக்கிறேன். சட்டியில் மல்லிகை, செவ்வரத்தை வளர்ப்பது பற்றி அண்மையில் வந்த குறிப்பு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் சரி, நுவரெலியாவில் அப்படியே செய்தால் செடி செத்துப்போகும். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். 1,800 மீற்றருக்கு மேலே, சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் ஊரில், மூடுபனி நாலு நாள் இறங்கி நின்றால் சட்டி மண் காயவே காயாது, அதற்கு மேல் தண்ணீரும் விழுந்தால் வேர் அழுகி இலை மஞ்சளாகும், அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு வாளி ஊற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கடைசியில் பழி குளிரின் தலையில்.

விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பிளாஸ்டிக்கை விட மண்சட்டி நல்லது, அதன் பக்கவாட்டாலும் ஈரம் போகும். தேயிலை மண்ணை மட்டும் நிரப்பாமல் தும்புத்தூளும் ஆற்று மணலும் கலக்க வேண்டும். வெட்சிக்குப் புளிப்பு மண் பிடிக்கும், அந்த வகையில் எங்கள் மண் அதற்குத் தோதுதான், ஆனால் குளிர் ஆகாது. என்ன செய்ய!

ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்றசையாத இரவுகளில்தான் உறைபனி விழும். பள்ளத்து வீடுகளில் இன்னும் மோசம், குளிர்ந்த காற்று அங்கேதான் போய்த் தேங்கும். அந்த இரவுகளில் சட்டிகளை இஸ்தோப்புக்குள், அதாவது வீட்டு முன் விறாந்தைக்குள், தூக்கி வைக்கலாம், சட்டியில் வளர்ப்பதன் லாபமே அதுதானே. மல்லிகையை அப்போது வெட்டக் கூடாது. பனி முடிந்து மார்ச் வெயில் வந்தபின் வெட்டினால் புதுத் தளிர்களில் மொட்டுப் பிடிக்கும்.

அப்புறம், மலையகம் என்று மொத்தமாக எழுதினாலும் உதவாது. ஹட்டனும் பண்டாரவளையும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான், ஆனால் ஜூன், ஜூலையில் ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது பண்டாரவளையில் வரண்ட காற்று வீசும், அங்கே ஊற்றாமல் விட்டால் செடி கருகிவிடும்.

எழுதுகிறவர் எந்த உயரத்துக்கு, எந்த மாதத்துக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதட்டும். அதே பக்கத்தில் உர விளம்பரத்துக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நுவரெலியா